ஆடி பிறக்க முதல் பேனையைக் கழுவி வையுங்கள்

ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது விவாகப் பதிவாளர் ஐயா ஒருவர் என்னுடைய கடைக்கு வருவார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து மேசையில் வைப்பார். "தம்பி, ஆனியில நல்லா எழுதினது. ஒரு நாளும் கீழ விழேல்ல. இப்ப ஒரு கோடும் வருதில்ல." அவர் சொல்வது முழுக்க உண்மை. பேனை விழவில்லை, நிப் வளையவில்லை. ஆடியில் கலியாணம் இல்லாததால் பேனைக்கும் வேலை இல்லை. ஆனால் உள்ளே மை இருந்தது. நடந்தது அவ்வளவுதான்.

கிளிநொச்சியில் மணிக்கூடும் மைப்பேனையும் திருத்துகிறேன். என்னிடம் வருகிற மைப்பேனைகளில் உடைந்தவை குறைவு, மை காய்ந்து அடைத்தவைதான் கூட. அவற்றிலும் காய்ந்ததாலே கெட்டுப்போனவை கொஞ்சம். காய்ந்ததை எடுக்க வீட்டில் செய்த வைத்தியத்தால் கெட்டவை கனக்க. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கறுப்பாக ஒரு நாக்கு ஒட்டியிருக்கும். அதில் மயிரிழை அளவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. மை அந்த வழியால் நிப்புக்கு வர, அதே நாக்கு வழியே காற்று உள்ளே போக வேண்டும். 1884இல் லூயிஸ் வாட்டர்மன் காப்புரிமை பெற்ற அமைப்பின் அடிப்படை இதுதான். இன்றைய பேனைகளும் அதே வழியில்தான் எழுதுகின்றன. மையில் பெரும்பகுதி தண்ணீர், மிச்சம் சாயமும் வேறு சில சேர்மானங்களும். தண்ணீர் ஆவியாகும், சாயம் ஆவியாகாது. வாய்க்காலில் தண்ணீர் வற்ற வற்ற மை முதலில் பாணியாகும், பிறகு பொருக்காகும். பேனை திடீரென்று நிற்பதில்லை. எழுத்து வழமையை விடக் கறுத்து, கொஞ்சம் தடித்து வந்தால் உள்ளே தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் கழுவினால் பத்து நிமிட வேலை. பலர் அதை "மை நல்லா விழுது" என்று எண்ணிச் சந்தோசப்படுகிறார்கள்.

வன்னியில் இது மற்ற இடங்களை விட வேகமாக நடக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் சோழகக் காற்று குளத்தையே வற்றச் செய்கிறது, ஒரு பேனைக்குள் இருக்கும் மை எம்மாத்திரம்? மாரியில் இரண்டு கிழமை தாக்குப்பிடிக்கிற பேனை சோழகத்தில் ஒரு கிழமையில் மக்கர் பண்ணும். வகுப்பறையில் மின்விசிறிக்குக் கீழே மூடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசிக்கிற பழக்கமும் அப்படித்தான். இரண்டு மூன்று நிமிடமே நிப்பின் நுனி காய்வதற்குப் போதும். அடுத்த வசனம் யோசிக்கும்போது மூடியைச் சும்மா மேலே செருகுங்கள், திருக வேண்டியதில்லை. ஹீரோ 616 மாதிரி நிப் மறைந்திருக்கும் பேனைகள் இதைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். 1941இல் வந்த பார்க்கர் 51இன் வழியில் செய்தவை அவை. நிப்பின் நுனி மட்டும்தான் வெளியே தெரியும்.

மூடியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. காய்ந்த பேனையோடு வருகிறவர்கள் நிப்பைத்தான் காட்டுவார்கள், நான் முதலில் மூடியைத்தான் வாங்கிப் பார்ப்பேன். நீங்களும் பார்க்கலாம். மூடியை நன்றாகக் கழுவித் துடைத்து, திறந்த பக்கத்தை உதட்டில் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். உதட்டோடு ஒட்டிப் பிடித்தால் மூடி நல்லது. காற்று வந்துகொண்டே இருந்தால் எங்கோ வெடிப்பு, அல்லது கிளிப் பொருத்திய இடத்தில் இடைவெளி. உட்பக்கத்தால் ஒரு பொட்டுத் தேன்மெழுகு வைத்தால் பல மூடிகள் சரியாகும். சில மூடிகளில் உற்பத்தி செய்தவர்களே துளை விட்டிருப்பார்கள். பிள்ளை விழுங்கினாலும் மூச்சு அடைக்கக் கூடாது என்பதற்கான துளை அது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதை அடைக்காதீர்கள், பேனை காய்ந்தால் காயட்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் மூடியைப் பார்த்து வாங்கலாம். ஜப்பானின் பிளாட்டினம் நிறுவனம் 2011இல் வெளியிட்ட 3776 செஞ்சுரி பேனையின் மூடிக்குள் சுருள்வில்லில் அமர்ந்த இன்னொரு மூடி இருக்கிறது. மூடி வைத்தால் 24 மாதம் வரை மை காயாது என்கிறார்கள். அதே நிறுவனத்தின் விலை குறைந்த பிரெப்பி பேனைக்கு ஒரு வருடம் சொல்கிறார்கள். பிரெப்பியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், மூடி உண்மையிலேயே இறுக்கம்.

புரட்டாதியில் வாணி விழா வரும். பாடசாலையிலும் வீட்டிலும் பேனைகள் கொப்பிகளோடு கும்பத்துக்கு முன்னால் போகும். சந்தனம், குங்குமம் வைப்போம். வைக்க வேண்டியதுதான், ஆனால் பேனையின் உடம்பில் வையுங்கள். மூடியைக் கழற்றி நிப்பில் குங்குமம் தொட்டுவிட்டால் அந்தத் தூள் மையோடு சேர்ந்து வாய்க்காலுக்குள் களியாகிவிடும். பூசைக்கு வைக்கும் முன் மையை எடுத்துக் கழுவி, வெறும் பேனையாக வைப்பது இன்னும் நல்லது. விசயதசமி அன்று புது மை நிரப்பி முதல் எழுத்து எழுதுங்கள்.

கழுவுவதில் வித்தை ஒன்றும் இல்லை. மையைத் திரும்பப் போத்தலுக்குள் ஊற்றாமல் வெளியே விடுங்கள். அறைச் சூட்டுத் தண்ணீரை உறிஞ்சி, வெளியேற்றி, நிறம் போகும்வரை திரும்பச் செய்யுங்கள். கடைசித் தரம் மட்டும் எங்கள் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு இந்த மயிரிழை வாய்க்காலிலும் படியும். குடிக்க வாங்குகிற வடிகட்டிய தண்ணீர் அரைக் கோப்பை போதும். பிறகு நிப்பைக் கீழே பார்க்க வைத்து, பழைய பருத்தித் துணியில் ஒரு இரவு வடியவிடுங்கள். இரண்டு கிழமைக்கு, சோழகத்தில் ஒரு கிழமைக்கு, எழுத மாட்டோம் என்று தெரிந்தால் இதைச் செய்துவிட்டு மூடி வையுங்கள். தினமும் எழுதுகிற பேனைக்கு மாதம் ஒருமுறை போதும்.

ஏற்கெனவே காய்ந்துவிட்டதா? உதறாதீர்கள், கடதாசியில் அழுத்திக் கீறாதீர்கள். நிப்பைத் தண்ணீரில் ஒருமுறை தொட்டுத் துடைத்து எழுதிப் பாருங்கள். வராவிட்டால், ஒரு கிளாஸ் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டு, நிப் பக்கத்தை இரவு முழுக்க ஊற வையுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் நாக்கு நெளியும், எபனைட் என்கிற கடின றப்பர் நிறம் மாறும். ஸ்பிரிட், தின்னர், நகப்பூச்சு நீக்குகிற திரவம் மூன்றும் பேனையின் உடம்பையே வெடிக்க வைக்கும், அல்லது கரைக்கும். நிப்பின் பிளவுக்குள் ஊசி விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அகன்றுபோன பிளவைப் பழையபடி சேர்க்க நான் ஒரு மணித்தியாலம் உருப்பெருக்கிக்குக் கீழே குந்தியிருக்க வேண்டும், அப்போதும் எல்லா நிப்பும் திரும்பி வராது.

பதிவாளர் ஐயாவின் பேனை இந்த வைத்தியத்துக்கு அசையவில்லை. விசாரித்தால், லண்டனில் இருக்கும் மருமகன் கொண்டுவந்து கொடுத்த பதிவாளர் மை. இங்கிலாந்தில் பதிவேடுகளுக்கென்றே செய்த அந்த மையில் இரும்பு உப்பு இருக்கிறது. காற்றுப் பட்டதும் கறுத்து, தண்ணீரில் கரையாத பொருளாக மாறும். ஆவணத்துக்கு அது சிறந்த குணம், பேனைக்கு ஆபத்தான குணம். விற்றமின் சி தூளைச் சிட்டிகை அளவு தண்ணீரில் கரைத்துச் சில மணித்தியாலம் ஊறவிட்டு, உடனே நல்ல தண்ணீரில் அலசி எடுத்தேன். இந்த மை பாவிக்கிறவர்கள் ஒரு நாளும் பேனையைக் காயவிடக் கூடாது. வரைபடம் கீறுகிறவர்களின் இந்தியன் இங்க் என்றால் இந்த வைத்தியமும் சரிவராது. அதில் அரக்கு இருக்கிறது, காய்ந்தால் என்னாலும் பெரும்பாலும் எடுக்க முடியாது. அதை மைப்பேனைக்குள் ஊற்றவே வேண்டாம்.

வெறும் நீல மை என்றால், எத்தனை வருடம் போயிருந்தாலும் கைவிடாதீர்கள். புதுக்குடியிருப்புப் பக்கத்து ரீச்சர் ஒருவர் தகப்பனாரின் ஹீரோ பேனையைக் கொண்டுவந்தார். 2009இல் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே பொலித்தீன் பையில் இருந்து, முகாமுக்கும் போய்த் திரும்பி வந்த பேனை. மூடியே திறபடவில்லை. முதல் மூன்று நாளும் ஊறவிட்ட தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நான்காம் நாள் காலையில் நிப்பிலிருந்து நூல் மாதிரி நீலம் இறங்கிக்கொண்டிருந்தது. ரீச்சருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "அது அப்பா கடைசியா நிரப்பின மை. அந்தத் தண்ணியை ஊத்திப்போடாதேங்கோ" என்றார். ஒரு மருந்துப் போத்தலில் எடுத்து வைத்துக் கொடுத்தேன்.

காய்ந்த பேனையைத் திருத்தக் கொண்டு வரும்போது கடைசியாக ஊற்றிய மையின் போத்தலையும் கொண்டு வாருங்கள். போத்தல் இல்லையென்றால் பெயரையாவது எழுதி வாருங்கள். மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே போட்டு வராதீர்கள். வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, மிச்ச மையை மூடிக்குள் தள்ளிவிடும். சட்டைப் பையில், நிப் மேலே பார்க்க.