வி.பி.என் உங்கள் கடவுச்சொல்லை ஏன் கேட்பதில்லை?

காலையில் மடிக்கணினியைத் திறந்து ஒருமுறை கடவுச்சொல் அடிக்கிறீர்கள். அப்புறம், இணையத்தின் வழியே அலுவலகத்துக்குப் பாதுகாப்பான பாதை போடும் வி.பி.என்-ஐ அழுத்தினால் அது எதுவும் கேட்காமல் அலுவலக நெட்வொர்க்கில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. விண்டோஸ் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் இங்கேயும் பயன்படுத்திக்கொள் என்று சொல்லும் ஒரு டிக் பெட்டி, வி.பி.என் அமைப்புகளுக்குள் இருக்கிறது. அதன் வேலைதான் இது.

அப்படியானால் கடவுச்சொல் எங்கோ எழுதிவைக்கப்பட்டிருக்கிறதா? இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. உள்நுழைந்ததும் விண்டோஸ் தன் நினைவகத்தில் கடவுச்சொல்லின் ஹேஷை, அதாவது அதை அரைத்துக் கிடைத்த ஒரு சுருக்கத்தை, வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நீளமான கடவுச்சொல்லாக இருந்தாலும் எம்.டி.4 என்ற கணக்கு அதை 16 பைட்டாக அரைத்துவிடும். சாம்பலைப் பார்த்துக் கடிதத்தை வாசிக்க முடியாததுபோல, அதிலிருந்து நேராகக் கடவுச்சொல்லுக்குத் திரும்ப வழியில்லை. (பழைய விண்டோஸ் பதிப்புகளில் இன்னொரு வசதிக்காகக் கடவுச்சொல்லே நினைவகத்தில் கிடந்தது, 8.1-இல்தான் அதை இயல்பாக நிறுத்தினார்கள்.)

சிக்கல் வேறு இடத்தில். பல வி.பி.என்-கள் ஆளை அடையாளம் காணப் பயன்படுத்தும் எம்.எஸ்.சாப் வி2 முறையில் சர்வர் ஒரு புதிரை அனுப்பும். மடிக்கணினி ஹேஷைச் சாவியாக்கி விடை அனுப்பும். கடவுச்சொல்லுக்கு இங்கே வேலையே இல்லை. ஹேஷைத் திருடியவனுக்கும் அப்படித்தான்! அதோடு, அந்த 16 பைட்டை 7, 7, 2 என்று துண்டாக்கி டெஸ் என்ற பழைய பூட்டும் முறைக்கு மூன்று சாவிகள் செய்கிறார்கள். கடைசித் துண்டுக்கு 65,536 வாய்ப்புகள்தான். மற்ற இரண்டும் ஒரே தரவுத் துண்டைத்தான் பூட்டுகின்றன. ஒரே தேடலில் இரண்டையும் பிடித்துவிடலாம். 2012-இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்ட்டனும் இதைச் சிறப்பு வன்பொருளில் ஒரு நாளுக்குள் உடைத்துக் காட்டினார்கள். பி.பி.டி.பி போன்ற பழைய வி.பி.என்-களில் இந்தப் புதிரும் விடையும் வழியில் திறந்தபடியே போகும் என்பதுதான் கொடுமை.

ஆளை அடையாளம் காணும் இன்னொரு முறையான கெர்பரோஸ் இதைவிடப் பண்பானது. 1980-களில் எம்.ஐ.டி-யின் அத்தீனா திட்டத்தில் பிறந்தது. காலையில் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டால், அதைக் காட்டியே கோப்பு சர்வர், பிரிண்டர் என்று போய்வரலாம். விண்டோஸ் டொமைனில் (நிறுவனம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கணினிகளின் கூட்டம்) வழக்கமாக அதற்கு 10 மணி நேர ஆயுள். கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால் செல்லாது. ஆனால் டிக்கெட் தரும் சர்வர் இருப்பது அலுவலக நெட்வொர்க்கின் உள்ளே. உள்ளே போக டிக்கெட் வேண்டும், டிக்கெட் வாங்க உள்ளே போக வேண்டும்: பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். அதனால் வெளிவாசலை ஹேஷோ, கணினியில் வைக்கப்படும் டிஜிட்டல் அடையாள அட்டையான சான்றிதழோ திறக்கும்; உள்ளே போனபின் டிக்கெட்.

தலைகீழாகவும் நடக்கும். வி.பி.என்-க்கு வேறு பெயர், வேறு கடவுச்சொல் கொடுத்து இணைந்தால், விண்டோஸ் அதையே உள்ளிருக்கும் சர்வர்களிடமும் நீட்டும். பகிர்ந்த கோப்புறை ‘அனுமதி இல்லை’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கோப்புறையைக் குடைந்து பயனில்லை. ராஸ்ஃபோன் என்ற அமைப்புக் கோப்பில் யூஸ்ராஸ்கிரெடென்ஷியல்ஸ் என்ற வரியில் 1 இருக்கும். அதை 0 ஆக்க வேண்டும்.

2022-இல் வந்த விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு, நிறுவனக் கணினிகளில் ஹேஷ் போன்ற ரகசியங்களைத் தனியே பூட்டிவைக்கும் கிரெடென்ஷியல் கார்டு என்ற காவலை இயல்பாகவே இயக்கிவிட்டது. ஹேஷ் தனி அறைக்குள் போய்விட்டதால், பெட்டியில் டிக் இருந்தும் எம்.எஸ்.சாப் வி2 இணைப்புகள் மறுபடி கடவுச்சொல் கேட்க ஆரம்பித்தன. அதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது சான்றிதழ். அதன் ரகசியச் சாவியை டி.பி.எம் என்ற பாதுகாப்புச் சில்லுக்குள் வைத்துவிட்டால், கேட்கும்போதெல்லாம் அது கையெழுத்துப் போட்டுத் தரும். சாவி மட்டும் வெளியே வராது.