கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுங்கள்

கப்பல் பயணம் போகிறவர்கள் விமான டிக்கெட்டை விலையை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குன்னூரில் டிராவல்ஸ் நடத்துகிறவள் என்பதால், என்னிடம் டிக்கெட் எடுக்க வைக்கத்தான் இப்படிப் பயமுறுத்துகிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். டிக்கெட்டை எங்கே வேண்டுமானாலும் எடுங்கள். எந்த விமான நிலையத்தில் இறங்குவது என்பதை மட்டும் யோசித்து எடுங்கள்.

போன வாரம் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். டிக்கெட் எடுக்க அல்ல, போன பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று கேட்க. வெளிநாட்டில் இருக்கும் மகன் அப்பா அம்மாவுக்கு ஆசையாக நார்வே போகும் கப்பலில் இடம் பதிவு செய்து கொடுத்திருக்கிறார். கப்பல் டிக்கெட்டில் புறப்படும் இடம் 'லண்டன் (சவுத்தாம்ப்டன்)'. விமான டிக்கெட்டிலும் லண்டன். ஆனால் அது ஸ்டான்ஸ்டெட். ஹீத்ரோவை விட இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதினோராயிரம் ரூபாய் குறைவு என்று எடுத்தது.

கப்பல் மாலை 5 மணிக்கு. விமானம் அதே நாள் மதியம் 12.30க்கு இறங்க வேண்டியது, ஒரு மணி நேரம் தாமதம். குடியேற்ற வரிசை, பெட்டி எல்லாம் முடிந்து டாக்ஸியில் ஏறும்போது மணி 3. ஸ்டான்ஸ்டெட் லண்டனுக்கு வடகிழக்கே இருக்கிறது. சவுத்தாம்ப்டன் தென்மேற்கே, கடற்கரையில். இடையில் சுமார் 190 கிலோமீட்டர், அதுவும் லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 சாலையில், வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் நேரத்தில். துறைமுகம் போய்ச் சேரும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. செக்-இன் கூடத்தில் வரிசைக்காக இழுத்துக் கட்டியிருந்த நாடாக்களை ஊழியர்கள் கழற்றிக்கொண்டிருந்தார்களாம். அந்த அம்மாவின் இரண்டு பெட்டியிலும் அறை எண் போட்ட காகிதச் சீட்டு இன்னும் அப்படியே ஒட்டியிருந்தது.

"ஏம்மா, லண்டன்னா எல்லாம் லண்டன்தானே?" என்று தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார்.

இல்லை சார். இல்லவே இல்லை. லண்டன் பெயரில் ஆறு விமான நிலையங்கள் விற்கின்றன. ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்தெண்ட். இதில் சவுத்தாம்ப்டனுக்குப் பக்கம் ஹீத்ரோ, அதுவே சுமார் 100 கிலோமீட்டர். அங்கிருந்து நேராகத் துறைமுக ஊருக்குப் பேருந்து உண்டு. அடுத்தது காட்விக். ஸ்டான்ஸ்டெட் மோசமான விமான நிலையம் என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் ஹாரிச் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறுபவர்களுக்கு நானே ஸ்டான்ஸ்டெட்டைத்தான் பார்ப்பேன். கப்பல் எங்கே நிற்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் நல்ல விமான நிலையமும் கெட்ட விமான நிலையமும்.

கப்பல் கம்பெனிகள் ஊர் பெயர் போடும் வழக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கடலே இல்லாத ஊரின் பெயரைத் தலைப்பில் பெரிதாகப் போட்டு, நிஜமான துறைமுகத்தை அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் போடுவார்கள். 'கோவை (ஊட்டி)' என்று யாராவது எழுதினால் நாம் சிரிக்க மாட்டோமா? பீளமேடு விமான நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிஷத்தில் ஊட்டி சேரிங் கிராஸ் வந்துவிடலாம் என்று எந்த நீலகிரிக்காரராவது நம்புவாரா? வெளிநாடு என்றதும் மட்டும் ஏன் நம்புகிறோம்?

அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் உங்கள் ஊர். 'ரோம் (சிவிட்டாவெக்கியா)' என்றால் நீங்கள் போக வேண்டியது சிவிட்டாவெக்கியா. ரோம் நகரத்திலிருந்து அது 70, 80 கிலோமீட்டர். ஃபியுமிசினோ விமான நிலையத்தில் இறங்கி ரயிலில் போவதானால் ட்ராஸ்டெவெரே ஸ்டேஷனில் பெட்டியோடு வண்டி மாற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்ஸிக்கோ வேனுக்கோ முன்பணம் கட்டிவிடுவது நல்லது. 'பாரிஸ் (லே ஆவ்ர்)' 200 கிலோமீட்டர். 'பெர்லின் (வார்னமுண்டே)' அதற்கும் மேல். 'டோக்கியோ (யோகோஹாமா)' என்றால் ஹனேடா விமான நிலையம் பக்கம், நரிட்டா அந்தக் கோடி.

வெனிஸ் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, ஊர் நடுவே கப்பல் போகும் என்று நினைத்து வருகிறார்கள். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்களுக்கு அந்த வழி மூடப்பட்டுவிட்டது. இப்போது வெனிஸ் என்று விற்கும் பல பயணங்கள் ரவென்னாவிலோ ட்ரியஸ்ட்டிலோதான் தொடங்குகின்றன. ரவென்னா வெனிஸிலிருந்து சுமார் 145 கிலோமீட்டர். அதற்கு இறங்க வேண்டியது போலோன்யா. ட்ரியஸ்ட்டுக்கு அதன் பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கிறது. வெனிஸை ஆசை தீரப் பார்க்க வேண்டுமா? இரண்டு நாள் முன்னதாகப் போய்ப் பார்த்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போங்கள். இரண்டையும் ஒரே காலைப் பொழுதில் திணிக்காதீர்கள்.

எல்லா ஊரும் இப்படிச் சிக்கல் இல்லை. பார்சிலோனாவில் விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் அரை மணிப் பயணம்தான். முதல்முறை ஐரோப்பியக் கப்பல் போகிற வயதானவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் ஜிரோனாவில் இறங்கும் மலிவு விமானங்களையும் பார்சிலோனா என்றே விற்பார்கள், கவனம். ஏதென்ஸில் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு மெட்ரோவே ஓடுகிறது. அமெரிக்காவில் மயாமியும் ஃபோர்ட் லாடர்டேலும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், இரண்டிலும் துறைமுகம், இரண்டிலும் விமான நிலையம். போர்ட் எவர்கிளேட்ஸ் என்று போட்டிருந்தால் ஃபோர்ட் லாடர்டேல். அந்த விமான நிலையத்தை ஒட்டித்தான் துறைமுகம்.

அலாஸ்கா போகிறவர்கள் வான்கூவருக்குப் பதில் சியாட்டிலில் இறங்கினால் கனடா விசா வேண்டாம் என்று நினைக்கிறார்கள். சியாட்டிலில் கிளம்பி அங்கேயே திரும்பும் கப்பல்களும் வழியில் கனடாவின் விக்டோரியாவைத் தொட்டுவிட்டுத்தான் வரும். வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் நடுவே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நின்றாக வேண்டும் என்பது 1886லிருந்து இருக்கும் அமெரிக்கச் சட்டம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு விசாவும் வேண்டும். ஏதென்ஸில் ஏறித் துருக்கி போய் மறுபடி கிரீஸ் வருபவர்களுக்கு ஷெங்கன் விசா பலமுறை நுழைவதாக இருக்க வேண்டும். விமான நிலையத்தைத் தேர்வு செய்த அன்றே விசாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி எனக்கு மிகவும் கோபம் வரும் பேச்சுக்கு வருகிறேன். "கப்பல் அஞ்சு மணிக்குத்தானே, கொஞ்சம் லேட்டானா வெயிட் பண்ண மாட்டானா?"

பண்ண மாட்டான். 5 மணி என்பது கப்பல் கரையை விட்டு நகரும் நேரம். நீங்கள் செக்-இன் முடித்திருக்க வேண்டிய நேரம் அதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்னால். அதன்பின் பயணிகள் பட்டியல் அதிகாரிகள் கைக்குப் போய்விடும், பெயர் இல்லாதவரை ஏற்ற முடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் ஏறிய கப்பல் இரண்டு பேருக்காக நின்றால் அடுத்த துறைமுகத்தில் அதற்கு ஒதுக்கிய இடமும் நேரமும் போய்விடும். "எங்க சித்தப்பா போனப்ப காத்திருந்தாங்களே" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். விசாரித்தால், நடுவில் ஒரு ஊரில் கப்பல் கம்பெனியே கூட்டிப்போன சுற்றுலா பஸ் தாமதமாகியிருக்கிறது. அவர்கள் கூட்டிப்போன பஸ், அதனால் காத்திருந்தார்கள். உங்கள் விமானம் உங்கள் பொறுப்பு. கப்பல் கம்பெனி மூலமாகவே விமான டிக்கெட்டும் எடுத்திருந்தால் அடுத்த துறைமுகத்தில் ஏற்றிவிட வழி பார்ப்பார்கள். அப்போதும் கப்பலை நிறுத்தி வைக்க மாட்டார்கள்.

தலைமையாசிரியரிடமும் அடுத்த துறைமுகத்தில் வந்து ஏறலாம் என்றுதான் சொன்னார்கள். நார்வேக்குக் கடைசி நேர விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு லண்டனில் உறவினர் வீட்டில் தங்கித் திரும்பிவிட்டார்கள். கப்பல் கட்டணத்தில் ஒரு ரூபாய் கூடத் திரும்பவில்லை. வராமல் போனவர் கணக்கில் எழுதிவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் இருந்தது, ஆனால் இணைப்பைத் தவறவிட்டால் ஈடு தரும் பகுதி அதில் இல்லை.

அதனால் கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாளே போய்ச் சேருங்கள். ஒரு ராத்திரி ஓட்டல் செலவு வீண் என்று யாரும் சொல்லாதீர்கள், அதைக் கப்பல் டிக்கெட்டின் ஒரு பகுதியாக எழுதிக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து நேரடி விமானம் இருப்பதால் சிங்கப்பூருக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன், அங்கும் மெரினா பே, ஹார்பர்ஃப்ரண்ட் என்று இரண்டு முனையம் உண்டு, எது என்று பார்த்துக்கொண்டு ஏறுங்கள். முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு நாள் மாற்றுடை கைப்பையில்.

நம் மலைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அது எந்த இணையதளத்திலும் வராது. பயணம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. பெங்களூரில் கட்டணம் குறைவு என்று எடுத்துவிட்டு, ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி விடிகாலை விமானம் பிடிக்கலாம் என்று திட்டம் போடுகிறார்கள். வழியில் இருக்கும் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பது இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே டிக்கெட் எடுக்கும்போது மறந்துபோகிறது! சத்தியமங்கலம் வழியில் திம்பம் பக்கமும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. போதாததற்கு பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. நாம் தெற்கிலிருந்து போய் முழு நகரத்தையும் தாண்ட வேண்டும்.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் பழக்கதோஷத்தில் கோவைக்கு இறங்குகிறார்கள். ஊட்டி ஏறிக் குன்னூர் இறங்கி வருவதை விட, நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கரிப்பூர் (கோழிக்கோடு) விமான நிலையம் சுமார் 100 கிலோமீட்டர்தான். வளைகுடா நாடுகளுக்கு அங்கிருந்து நிறைய விமானம், அங்கே மாறி ஐரோப்பா போகலாம். ஆனால் மாதம் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையில் நாடுகாணிப் பாதையில் மண் சரியும். ஐப்பசி, கார்த்திகையில் ஆபத்து குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில், நம் பர்லியார் பக்கம். 2009 நவம்பரில் மலை சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் விமானத்துக்கு முந்தின நாள் பகலிலேயே மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கித் தங்கிவிடுங்கள். கோடை சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், அதற்கும் நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். கொச்சியில் விமானமோ கப்பலோ ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நெடும்பாசேரி விமான நிலையம் வேறு, வெலிங்டன் தீவுத் துறைமுகம் வேறு, நடுவில் நெரிசலோடு முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர்.

சென்னையில் கப்பல் ஏறுகிறவர்கள் விமானமே தேட வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்ட்ரல். துறைமுகம் அங்கிருந்து கூப்பிடு தூரம். இதைச் சொன்னால் எனக்குக் கமிஷன் கிடையாது, இருந்தாலும் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அன்பில் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் உங்களுக்கு ஓடி ஓடி விமானம் மாறிப் பழக்கம். உங்கள் அம்மாவுக்கு அது முதல் பாஸ்போர்ட். உங்கள் கணக்கில் இரண்டு மணி நேரம் போதும் என்றால் அவர்களுக்கு ஐந்து மணி நேரம் போடுங்கள். பதிவு செய்யும் பொத்தானை அழுத்துமுன் வரைபடத்தில் விமான நிலையத்தையும் துறைமுகத்தையும் வைத்து, நடுவில் எவ்வளவு தூரம், எந்த வண்டி, யார் பெட்டி தூக்குவார்கள் என்று பாருங்கள். பிறகு அப்பாவுக்குப் போன் செய்து, துறைமுகத்தின் பெயரைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

திரும்பும் விமானத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். கப்பல் காலை 6, 7 மணிக்குக் கரை சேர்ந்தாலும், உங்கள் பெட்டியின் சீட்டு நிறத்தைக் கூப்பிடும் வரை இறங்க முடியாது, அதற்கு 9 மணியும் ஆகலாம். துறைமுகத்தை ஒட்டிய விமான நிலையம் என்றாலும் மதியத்துக்கு முன் டிக்கெட் வேண்டாம். சவுத்தாம்ப்டன், சிவிட்டாவெக்கியா போன்ற இடங்களுக்குப் பிற்பகல் 3 மணிக்குப் பிறகு பாருங்கள். ஏறும் துறைமுகமும் இறங்கும் துறைமுகமும் வேறு வேறாக இருந்தால், போக ஒரு ஊர், வர ஒரு ஊர் என்று சேர்த்து ஒரே டிக்கெட்டாகக் கேளுங்கள். எந்த ஏஜெண்டும் போட்டுத் தருவார்.