முறுக்கு மேல் பழி போடாதீர்கள்

திங்கட்கிழமை காலை. இருபத்தாறு, இருபத்தேழு வயதுத் தம்பி ஒருவன் வாயைக் கையால் பொத்தியபடி வந்து உட்கார்ந்தான். மேல் முன்பல்லின் விளிம்பு பிறை மாதிரி உடைந்திருந்தது. "முறுக்கு கடிச்சேன் டாக்டர்." கூட வந்த அம்மாவும், "நான்தான் கொஞ்சம் கெட்டியா சுட்டுட்டேன்" என்று வருத்தப்பட்டார்.

முறுக்கு உடைப்பது பெரும்பாலும் ஏற்கெனவே சொத்தை விழுந்த கடைவாய்ப்பல்லைத்தான். நல்ல முன்பல் இப்படிச் சில்லாகத் தெறித்திருந்தால் என் சந்தேகம் முதலில் பாட்டில் மூடி மேல்தான் போகும். இந்த மாதத்தில் இது மூன்றாவது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"பீர்தான் டாக்டர். சரக்கெல்லாம் தொட மாட்டேன்."

இந்தப் 'பீர்தான்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்லித் தண்ணியாம், சூட்டைத் தணிக்குமாம், கிட்னிக்கு நல்லதாம். சரி, கணக்கே போட்டுப் பார்ப்போம். 650 மில்லி பாட்டில், 8 சதவீத ஸ்ட்ராங் பீர். அதில் உள்ள சுத்தமான ஆல்கஹால் 52 மில்லி. 42.8 சதவீத பிராந்தியில் 60 மில்லி ஒரு லார்ஜ். அதில் இருப்பது ஏறக்குறைய 26 மில்லி. அதாவது ஒரு பாட்டில் பீரும் இரண்டு லார்ஜும் ஒன்றுதான். சரக்கைத் தொட மாட்டேன் என்பவன் சனிக்கிழமை ராத்திரி இரண்டு பாட்டில் முடித்தால் நாலு லார்ஜ் உள்ளே போயிருக்கிறது. இதில் சூடு எங்கே தணிகிறது? சிறுநீர் நிறையப் போகிறது, உடம்பு வறள்கிறது, எச்சில் சுண்டுகிறது. எச்சில் இல்லாத வாயில் பல்லுக்குக் காவல் இல்லை. மறுநாள் காலை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

"ஆல்கஹால் கிருமியைக் கொன்னுடும்ல?" என்று கேட்பவர்களும் உண்டு. கை கழுவும் சானிடைசருக்கே குறைந்தது 60 சதவீதம் வேண்டும். உங்கள் கையில் இருப்பது எட்டு.

தம்பியின் முன்பற்களுக்குப் பின்னால் சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். உடைசல் சின்ன விஷயம். உண்மையான சேதம் அங்கேதான் இருந்தது. எனாமல் தேய்ந்து, வழவழவென்று, உள்ளிருக்கும் மஞ்சள் தெரிந்தது. காற்றை லேசாக ஊதியதும் நாற்காலியில் துள்ளினான். வாந்தி வருமா என்றேன். "எப்பவாவது. ஏப்பத்துல புளிச்ச தண்ணி வரும்." அப்புறம் தானாகவே பெருமையாக ஒன்று சொன்னான்: "ஆனா எவ்ளோ லேட்டானாலும் பல் தேய்ச்சிட்டுத்தான் படுப்பேன். வீட்ல வாசனை தெரியக் கூடாதுல்ல."

அடப்பாவி, அதுதான் பல்லை அரைத்திருக்கிறது. அமிலத்தை அளக்கும் pH எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம். அது 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். பீர் 4, 4.5-லேயே இருக்கிறது. வாந்தி அதைவிடப் பல மடங்கு கடுமை. அதில் ஊறி இளகிப்போன எனாமல் மேல் பிரஷ்ஷைப் போட்டு அழுத்தித் தேய்த்தால், ஈரச் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டுகிற கதைதான். பீரோ வாந்தியோ, முதலில் வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, மென்மையான பிரஷ்ஷில், ஃப்ளோரைடு பேஸ்ட் வைத்துத் தேயுங்கள்.

கலர் பானத்தைவிட பீரில் அமிலம் குறைவுதானே என்று கேட்பீர்கள். குறைவுதான். ஆனால் கலரை இரண்டு நிமிடத்தில் குடித்துவிட்டுப் போகிறீர்கள். பீரோடு மூன்று மணி நேரம் உட்காருகிறீர்கள். நடு நடுவே மிக்சர், மாங்காய் ஊறுகாய் வேறு. எச்சில் வாயைச் சரிசெய்யப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த மடக்கு வந்துவிடுகிறது.

குடிக்காதே என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள். இதையாவது கேளுங்கள். வாயிலேயே வைத்துக் கொதப்பாதீர்கள். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். பல் ஓப்பனர் இல்லை. மீறி உடைத்துக்கொண்டால் துண்டைத் தேடி எடுத்துப் பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். பல நேரங்களில் அதையே ஒட்டிவிடலாம். இந்தத் தம்பி டிஷ்யூவில் சுற்றிக் கொண்டுவந்தான். காய்ந்து வெளுத்த துண்டு, ஒட்டினாலும் நிறம் சேர நாளாகும்.

பல் பிடுங்கியிருந்தால் காயம் ஆறும்வரை பீர் வேண்டாம். மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது முடிந்து மூன்று நாள் வரை ஒரு மடக்குகூடக் கூடாது. வாந்தி, படபடப்பு என்று நடுராத்திரியில் எனக்குத்தான் போன் வரும். மருந்துக்கடையில் நீங்களாகச் சொல்லி வாங்கும் பல்வலி மாத்திரையிலும் இது இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பீரோடு சிகரெட்டும் ஹான்ஸ் புகையிலையும் பழக்கம் உள்ளவர்கள், வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தால், இரண்டு வாரமாகியும் புண் ஆறாவிட்டால், தயவுசெய்து யாரிடமாவது காட்டிவிடுங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை.

டாக்டரிடம் பொய்யும் வேண்டாம். உங்கள் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறோம், வாசனை தெரியாதா? வீட்டில் போட்டுக்கொடுக்கவும் மாட்டோம்.

துண்டை ஒட்டி முடித்துத் தம்பியை வெளியே அனுப்பினேன். அம்மா எழுந்து வந்து அவன் வாயைத் திறந்து பார்த்தார். "இனிமே வீட்ல முறுக்கே சுட மாட்டேன்" என்றார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன்.