கை தவறினால் உடையும் தட்டு, குண்டை நிறுத்துவது எப்படி?

தங்கை மகன் விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருந்தான். இரண்டாம் கட்டில் மங்குச் சாமான், அதாவது பீங்கான் பாத்திர அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். "பார்த்துடா, உங்க ஆயாவோட சீர் சாமான்" என்றேன். கையிலிருந்த ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் கேட்டான்: "அம்மான், குண்டு துளைக்காத சட்டைக்குள்ள பீங்கான் தட்டுதான் வைக்கிறாங்களாமே? கை தவறினாலே உடையற சாமான் துப்பாக்கிக் குண்டை எப்படி நிறுத்தும்?"

நல்ல கேள்வி. அன்றைக்குப் பாதிதான் பதில் சொன்னேன். முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் துணி. கைத்துப்பாக்கிக் குண்டுக்குத் துணியே போதும், சாதாரணத் துணி அல்ல. 1965இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் ஒரு கரைசல் தயாரித்தார். கலங்கலாக, தண்ணீர் போல நீர்த்து இருந்தது. நூற்கும் இயந்திரத்தின் துளை அடைத்துக்கொள்ளும் என்று பயந்து, அதை இயக்கியவர் முதலில் மறுத்தாராம். பிறகு நூற்றபோது கிடைத்ததுதான் கெவ்லாருக்கு வழிகாட்டிய இழை. அதன் மூலக்கூறுகள் விறைத்த குச்சிகள். எல்லாம் ஒரே திசையில் அடுக்கி, ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கண்டாங்கித் தறியில் ஒரு இழையைச் சுண்டினால் குறுக்கே போகும் இழைகளும் அசையுமே, அதேபோல ஓரிடத்தில் விழுந்த அடியை இது நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் கடத்திவிடும். இப்போது பாலிஎத்திலீனிலும் இப்படி இழை வந்துவிட்டது. நம் பிளாஸ்டிக் பையின் சாதிதான். சங்கிலி மட்டும் மிக நீளம். தண்ணீரில் போட்டால் மிதக்கும்.

ஆனால் ரைபிள் வேறு கதை. ஏ.கே. 47 குண்டின் எடை சுமார் 8 கிராம், வேகம் நொடிக்கு 700 மீட்டருக்கு மேல். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,000 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டையை 4 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் ஆற்றல் அது. அவ்வளவும் ஒரு சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில் இறங்குகிறது. உள்ளே கடினமான எஃகும் இருந்தால், கூர்முனை இழைகளை விலக்கிக்கொண்டு போய்விடும். ஆக, துணியைத் தொடுவதற்கு முன்பே அந்த முனையை மழுக்கியாக வேண்டும். பீங்கானுக்கு அங்கேதான் வேலை.

சின்ன வயதில் கவண் அடித்து எங்கள் வீட்டு வண்ணக் கண்ணாடி ஒன்றில் ஓட்டை போட்டிருக்கிறேன். (அப்பச்சியிடம் வாங்கியதை இங்கே எழுத வேண்டாம்.) கல் பட்ட பக்கம் துளை மிளகளவு. மறுபக்கம் போய்ப் பார்த்தால் ஐந்து பைசா அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. முன்னால் குறுகி, பின்னால் அகன்ற கூம்பு. பீங்கான் தட்டிலும் நடப்பது இதுதான். குண்டு பட்டதும் விரிசல்கள் கூம்பாக விரிகின்றன. பின்பக்கம் போய்ச் சேரும்போது அந்தக் கூம்பு குண்டைவிட நாலைந்து மடங்கு அகலம். ஊசியாக வந்த அடி உள்ளங்கையாக மாறித்தான் பின்னாலிருக்கும் இழை அடுக்கின் மேல் விழுகிறது.

அதற்கு முன்பே இன்னொரு கூத்து நடந்து முடிகிறது. பீங்கானை இழுத்தால் சீக்கிரம் விட்டுவிடும். நெருக்கினால் எஃகைவிட அதிகமாகத் தாங்கும். அதனால் மோதிய முதல் கணத்தில் குண்டால் உள்ளே போக முடியாது. ஒரு நொடியை லட்சம் கூறு போட்டு அதில் ஓரிரு கூறு நேரம், முனை தட்டின் மேலேயே நசுங்கிப் பக்கவாட்டில் வழிகிறது, சுவரில் எறிந்த களிமண் உருண்டை மாதிரி. அதற்குள் அதிர்வலை தட்டின் பின்முகத்தைத் தொட்டு, இழுவிசையாகத் திரும்பி வந்து, பீங்கானை உடைக்கத் தொடங்கிவிடுகிறது.

சரி, உடைந்துவிட்டதே, இனி வழி விடும்தானே? விடாது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒரு குறுகிய கழுத்துப் பிளாஸ்டிக் பாட்டிலில் பச்சரிசியைத் தட்டித் தட்டி நிரப்புங்கள். ஒரு மரக்குச்சியைப் பலமுறை குத்திக் குத்தி ஆழமாக இறக்குங்கள். கடைசியில் குச்சியைத் தூக்கினால் பாட்டிலும் சேர்ந்து வரும். நெருக்கமாக அடைந்த மணிகள் நகர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். மொத்தக் கன அளவு கூடியாக வேண்டும். கூட இடமில்லை, எனவே இறுகிக்கொள்கின்றன. நொறுங்கிய பீங்கானுக்கும் அதே கதி. பின்னால் இழை அடுக்கு, சுற்றிலும் உடையாத தட்டு, முன்னால் ஒட்டிய துணி. தப்ப இடமில்லாத அந்தக் கூர்த்தூள் குண்டை அம்மியில் வைத்த மாதிரி அரைத்துவிடுகிறது. தட்டைத் துணியில் இறுக்கிச் சுற்றி ஒட்டுவதும் இதற்காகத்தான்.

எந்தப் பீங்கான்? அலுமினா மலிவு, ஆனால் கனம்; அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 3.9 கிராம். சிலிக்கன் கார்பைடு 3.2. போரான் கார்பைடு வெறும் 2.5, கடினத்தில் வைரத்துக்குப் பக்கத்துத் தெரு. 25க்கு 30 செ.மீ. அளவில் 8 மி.மீ. தடிமனுள்ள தட்டு என்று வைத்தால், அலுமினாவில் 2.3 கிலோ, போரான் கார்பைடில் 1.5 கிலோ. முன்னும் பின்னும் சுமந்துகொண்டு மலை ஏறுகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். வியட்நாம் போரில் அமெரிக்க ஹெலிகாப்டர் ஓட்டிகள் பீங்கான் கவசம் அணிந்தார்கள். அப்படிப்பட்ட போரான் கார்பைடுக்கும் ஒரு குறை உண்டு: அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் அதன் படிக அடுக்கு மெல்லிய பட்டைகளாகக் குலைந்து வலுவிழக்கிறது என்று 2003இல் மிங்வெய் சென் குழு காட்டியது.

போரான் கார்பைடைத் தட்டாக்க 2,000 டிகிரிக்கு மேல் சூட்டில் அழுத்திச் சுட வேண்டும். உள்ளே சின்ன வெற்றிடம் தங்கினாலும் ஆபத்து. உலையோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டும் சலிப்பான வேலை. ரிப்பன் வெட்ட அதில் ஒன்றுமில்லை, அதனால் பணமும் தயங்கித்தான் வருகிறது. எங்கள் ஊர் மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டதென்றால், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததும் ஒரு காரணம். இன்றைக்கு அப்படிக் கொடுப்பவர் எத்தனை பேர்? தாயத்துக்கு மட்டும் கூட்டம் குறையவில்லை. 1905இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் மந்திரித்த தண்ணீர் ஜெர்மானியர் குண்டைத் தண்ணீராக்கிவிடும் என்று நம்பி மாஜி மாஜி கிளர்ச்சியில் இறங்கியவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

"ஒரு குண்டுக்கு உடைஞ்சிருச்சு, அடுத்த குண்டு வந்தா?" என்றான் மருமகன். காலடியைக் காட்டினேன். ஆத்தங்குடிக் கல் ஒன்று விரிசல் விட்டால் பக்கத்துக் கல்லுக்குப் பரவாது. சில கவசங்களில் ஒரே பெரிய தட்டுக்குப் பதில் சின்னச் சின்ன வில்லைகளைப் பதிப்பது அதற்காகத்தான். ஆனால் இரண்டு வில்லை சேரும் இடுக்கு பலவீனம். குண்டு சரியாக அங்கே விழுந்தால் வம்பு. பெரிய தட்டா, சின்ன வில்லையா என்பதில் பொறியாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.