சிரப்பில் கலந்த நஞ்சும் நச்சியல் துறையும்

குழந்தைக்கு இருமல் என்று வருகிற பெற்றோர் பலரும் என்னிடம் கேட்பது, "நல்ல சிரப்பா எழுதிக் கொடுங்க டாக்டர்" என்பதுதான். 2025 அக்டோபருக்குப் பிறகு அந்தக் குரலில் பயமும் சேர்ந்திருக்கிறது. மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற, தொழிற்சாலைகளில் பயன்படும் நச்சுக் கரைப்பான் இருந்தது. நச்சியல் ஒரு தனித் தொழில்துறையாக வளர்ந்ததில் இதே நஞ்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

நஞ்சு பற்றிய படிப்பு பழையதுதான். பாரிஸில் மத்தேயு ஓர்ஃபிலா 1814-லேயே அதற்கென்று பெரிய நூல் எழுதத் தொடங்கிவிட்டார். 1840-இல் லஃபார்ஜ் கொலை வழக்கில் பிணத்திலிருந்து ஆர்செனிக்கைப் பிரித்துக் காட்டினார். ஆனால் அதெல்லாம் ஆள் போன பிறகு நடக்கிற வேலை.

1937-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம், சல்ஃபனிலமைடு என்ற பாக்டீரியாத் தொற்று மருந்தைத் திரவ மருந்தாக்கப் பார்த்தது. தண்ணீரில் அது சரியாகக் கரையாது. டைஎத்திலீன் கிளைக்காலில் கரைந்தது. ராஸ்பெர்ரி வாசனை சேர்த்து, நிறம், மணம், சுவை மட்டும் பார்த்துக் கடைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓர் எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. அன்றைய சட்டமும் அதைக் கேட்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் தொண்டை வலிக்காகக் குடித்த குழந்தைகளும் உண்டு. எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் ஒன்று: அதைப் பறிமுதல் செய்ய அதிகாரிகளுக்குக் கிடைத்த சட்டக் காரணம், 'எலிக்சிர்' (ஆல்கஹால் கலந்த திரவ மருந்து) என்று லேபிளில் போட்டுவிட்டு ஆல்கஹால் சேர்க்கவில்லை என்பதுதான்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியர் கைலிங்கின் குழு விலங்குகளில் சோதித்து, கரைப்பான்தான் ஆளைக் கொன்றது என்று காட்டியது. பின்னாளில், கருவிலிருந்த குழந்தைகளின் கை கால்களை ஊனமாக்கிய தாலிடோமைடு மருந்தை அமெரிக்காவுக்குள் விடாமல் தடுத்த ஃபிரான்சஸ் கெல்சி அப்போது அங்கே மாணவி. 1938-இல் புதுச் சட்டம் வந்தது: பாதுகாப்பை நிரூபித்த பிறகே புது மருந்தை விற்கலாம். அப்படி நிரூபிக்க, அதையே தொழிலாகச் செய்கிற ஆட்கள் வேண்டுமே! அரசிலும் கம்பெனிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அவர்கள் பெருகி, 1961-இல் தங்களுக்கென்று நச்சியல் சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? இரண்டு வயதுக்குள் இருமல் சிரப் வேண்டவே வேண்டாம். ஐந்து வயது வரையிலும் பெரும்பாலும் தேவைப்படாது. ஏதாவது சிரப் குடித்த சில நாட்களில் குழந்தை வாந்தி எடுத்து, சிறுநீரும் குறைந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சீக்கிரம் டயாலிசிஸ் தொடங்கினால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். பாட்டில் காலியாக இருந்தாலும் எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள். அதிலுள்ள பேட்ச் எண்ணை வைத்துத்தான் மருந்து ஆய்வாளர்கள் மிச்சச் சரக்கைத் தேடிப் பிடிப்பார்கள்.