ஒரு வோல்ட் இறங்கினால் 50 ஆம்பியர் ஏறும்

பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘ராடு வெல்டிங்குக்கு (கையில் பிடித்த குச்சியை உருக்கி ஒட்டுவது) வாங்கிய பழைய ரெக்டிஃபையர், அதாவது வெல்டிங்குக்கு மின்சாரம் தரும் மெஷின், சும்மா கிடக்கிறதே என்று அதில் ஒரு வயர் ஃபீடரை (வயரை மோட்டாரால் தள்ளும் பெட்டி) மாட்டினேன். ஒரு நேரம் வயர், அது வெளியே வரும் டிப்பிலேயே உருகி ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு நேரம் உருகாமல் போய் ஜாப்பில் (ஒட்டவேண்டிய இரும்பில்) குத்துகிறது. பழுது ஃபீடரிலா, ரெக்டிஃபையரிலா?’

இரண்டிலும் இருக்காது. ஜோடிப் பொருத்தம்தான் சரியில்லை.

ராடை இறக்குவது மனிதக் கை. எவ்வளவு தேர்ந்த கையானாலும் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும். ராடு முனைக்கும் ஜாப்புக்கும் நடுவே எரியும் மின்பொறிதான் ஆர்க். அது நீண்டால் வோல்டேஜ் ஏறும், குறுகினால் இறங்கும். அதற்கெல்லாம் கரண்டும் சேர்ந்து ஆடினால் வேலை கெட்டுவிடும். அதனால் ராடு மெஷின் கரண்டை ஏறக்குறைய ஒரே அளவில் பிடித்துவைத்துக்கொண்டு, வோல்டேஜை அதன் போக்கில் விட்டுவிடும். கான்ஸ்டன்ட் கரண்ட், சுருக்கமாக சிசி.

மிக் வெல்டிங்கில் (பல பட்டறைகளில் சிஓடூ என்றால்தான் புரியும்) வயரைத் தள்ளுவது மோட்டார், அதுவும் ஒரே வேகத்தில். 1.2 மி.மீ. வயரில் 200 ஆம்பியர் அளவுக்கு ஓட்டினால் நிமிடத்துக்கு சுமார் 5 மீட்டர், அதாவது நொடிக்கு 8 செ.மீ. ஆர்க்கின் நீளமோ சில மில்லிமீட்டர்தான். உருகும் வேகம் பத்தில் ஒரு பங்கு பின்தங்கினாலே போதும், 4 மி.மீ. இடைவெளி அரை நொடியில் மூடிவிடும்.

அப்படி மூடாமல் பார்த்துக்கொள்வது யார்? யாருமே இல்லை. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

மிக் மெஷின் பிடித்துவைப்பது வோல்டேஜை, அது கான்ஸ்டன்ட் வோல்டேஜ், சிவி. அதில் கரண்ட் 100 ஆம்பியர் கூடினாலும் வோல்டேஜ் சுமார் 2 வோல்ட்தான் இறங்கும். இதையே தலைகீழாகப் படித்துப் பாருங்கள்: ஆர்க்கில் 1 வோல்ட் இறங்கினால் கரண்ட் 50 ஆம்பியர் எகிறும்! ஆர்க் குறுகியதும் வோல்டேஜ் துளி இறங்குகிறது, கரண்ட் பாய்கிறது, வயர் முனை சட்டென்று உருகிப் பின்வாங்குகிறது, ஆர்க் பழைய நீளத்துக்கே வந்துவிடுகிறது. நீண்டுவிட்டால் கரண்ட் சரிகிறது, உருகுவது மந்தமாகிறது, தள்ளப்படும் வயர் இடைவெளியைக் குறைத்துவிடுகிறது. சென்சாரும் இல்லை, சிப்பும் இல்லை. 1948இல் அமெரிக்காவின் பேட்டல் ஆய்வு நிறுவனத்தில் இந்த வெல்டிங் முறை உருவானபோது அங்கே கம்ப்யூட்டர் எதுவும் காவல் நிற்கவில்லை. பணம் போட்டது ஏர் ரிடக்‌ஷன் என்ற வாயு கம்பெனி. இந்த வெல்டிங்குக்குக் கேஸ் வேண்டும். அதை விற்கும் ஆசையாகவே இருக்கட்டுமே, ஆராய்ச்சிக்குச் செலவழித்தார்களே! நம் ஊர் முதலாளிகளிடம் அந்த அளவு சுயநலத்தையாவது எதிர்பார்க்கிறேன்.

சரி, வாசகரின் ரெக்டிஃபையருக்கு வருவோம். அது சிசி. ஆர்க் குறுகினாலும் கரண்ட் அசையாது, அதனால் உருகும் வேகமும் பெரிதாக மாறாது. தவறிய நீளம் தவறியபடியே வளர்ந்து, குத்துவதிலோ ஒட்டுவதிலோ முடியும்.

இதற்கும் வழி உண்டு. வோல்டேஜ் சென்சிங் ஃபீடர் என்று ஒன்று இருக்கிறது. சூட்கேஸ் மாதிரி கையில் தூக்கிப் போகலாம். அதிலிருந்து வரும் ஒரு மெல்லிய கேபிளின் கிளிப்பை ஜாப்பில் கடிக்கவிட வேண்டும். ஆர்க் வோல்டேஜை அதன் வழியே பார்த்து, கூடினால் மோட்டாரை வேகமாக்கும், குறைந்தால் மெதுவாக்கும். அதே இணைப்பிலிருந்து தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் மோட்டாருக்கு எடை உண்டு, கரண்டுக்கு இல்லை. மெல்லிய வயரோடு ஓடிப்பிடித்து விளையாட மோட்டாரால் முடியாது. சப்மெர்ஜ்டு ஆர்க்கில் (பொடிக்குள் புதைந்து எரியும் ஆர்க்) ஓடும் 4 மி.மீ. வயர் சாவகாசமாக உருகும். அங்கே சிசியும் இந்த ஃபீடரும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. மெல்லிய தகடு, ஷார்ட் ஆர்க் (வயர் ஜாப்பைத் தொட்டுத் தொட்டுத் துளித்துளியாக இறங்குவது) என்றால் ஆசைப்படாதீர்கள். ஒவ்வொரு துளியையும் கிள்ளிவிடக் கரண்ட் குபீரென்று பாய வேண்டும், சிசி அதை விடாது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ராடு மெஷின் ஆனில் இருக்கும்வரை அதன் முனையில் 70, 80 வோல்ட் நிற்கும். ஃபீடருக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் இல்லையென்றால், டார்ச் (கையில் பிடிக்கும் வெல்டிங் துப்பாக்கி) ஸ்விட்சை அழுத்தாமலேயே வயரில் மின்சாரம் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் இப்படி ஒரு ஃபீடர் ஓடவே மறுக்கிறது என்று ரெக்டிஃபையர் மேல் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அங்கே சென்சிங் கிளிப் ஜாப்பில் இல்லை; சுருட்டி ஃபீடரின் கைப்பிடியில் மாட்டியிருந்தது.