கேமரா வாங்கும்போது மெகாபிக்சலைக் கடைசியாகப் பாருங்கள்

டிஜிட்டல் கேமராவின் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் மெகாபிக்சல் எண்தான், அதாவது படம் எத்தனை பத்து லட்சம் புள்ளிகளால் (பிக்சல்களால்) ஆனது என்ற எண். நான் கடைசியாகப் பார்க்கச் சொல்லும் எண்ணும் அதுவே. 4×6 அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் போதும். 4கே திரையை முழுதாக நிரப்பக்கூட 8.3 போதும். போதாததற்கு, பெரும்பாலான கேமராக்களில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற இந்த நிற வடிகட்டி அமைப்பில், மற்ற இரண்டு நிறங்களையும் கேமரா பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது.

சரி, வேறு எதைப் பார்ப்பது? முதலில் சென்சாரின், அதாவது லென்ஸுக்குப் பின்னால் ஒளியைப் பதிவுசெய்யும் சில்லின் பரப்பு.

லென்ஸ் வழியே வரும் ஒளி பிக்சலில் விழுந்து எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. அந்த மின்னூட்டத்தை அளந்துதான் அந்த இடம் எவ்வளவு வெளிச்சமானது என்று கேமரா அறிகிறது. ஆனால் ஒளி சீராக வந்து சேர்வதில்லை, ஃபோட்டான்கள் என்னும் ஒளித் துகள்களாக முன்பின்னாக வருகிறது. சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் பதிவாகும் பிக்சலில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. வெறும் 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 மட்டுமே பதிவானால் ஏற்ற இறக்கம் 10. இது 10 சதவீதம்! மங்கலான அறையில் எடுத்த படம் மணல் தூவியது போல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். படத்தைப் பிரகாசமாக்கும் ஐஎஸ்ஓ அமைப்பை ஏற்றினாலும் புதிதாக ஒளி வராது. வந்த சொற்ப ஒளியும் அதன் ஏற்ற இறக்கமும் சேர்ந்தே பெரிதாகும்.

சென்சாரின் பரப்பு கூடினால் அதில் சேரும் ஒளியும் கூடும். கையடக்கக் கேமராக்களில் பரவலாக உள்ள 1/2.3 அங்குலச் சென்சாரின் அளவு சுமார் 6.2×4.6 மி.மீ. பெரிய கேமராக்களில் உள்ள ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ., பரப்பில் ஏறத்தாழ 30 மடங்கு. (அங்குலக் கணக்கை நம்ப வேண்டாம். ‘1 அங்குலம்’ என்று விற்கும் சென்சாரின் மூலைவிட்டமே சுமார் 16 மி.மீ.தான். மில்லிமீட்டரைத் தேடிப் பாருங்கள்.) அந்தச் சிறிய சென்சாரில் 20 மெகாபிக்சலைத் திணித்தால் ஒரு பிக்சலின் அகலம் 1.2 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரும். லென்ஸின் துளை எஃப்/5.6 என்று (அதாவது குவியத் தூரத்தை 5.6-ஆல் வகுத்த அகலத்தில்) இருக்கையில், எவ்வளவு நல்ல லென்ஸானாலும் ஒளி வளைவதால் ஒரு புள்ளி 7.5 மைக்ரான் அளவுக்குப் பரவிவிடும். அதற்குமேல் பிக்சல்களைக் கூட்டுவதில் பெரிய பலன் இல்லை.

டிஜிட்டல் ஜூமைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். 2 மடங்கு ஜூம் என்றால் படத்தின் நடுவில் கால் பங்கை வெட்டிப் பெரிதாக்குவதுதான்.

அடுத்து, பட்டனை அழுத்தியதற்கும் படம் பதிவாவதற்கும் நடுவில் ஆகும் நேரம். பெரும்பாலும் இதைத் தின்பது ஃபோகஸ். ஒளி-இருள் வேறுபாட்டை வைத்துக் கூர்மையைத் தேடும் கான்ட்ராஸ்ட் முறையில் இயங்கும் கேமரா லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, கூர்மை உச்சத்தைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வருகிறது. ஃபேஸ் டிடெக்ஷன் முறை லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதை ஒரே அளவீட்டில் கண்டுபிடித்துவிடும். ஓடும் குழந்தையைப் படமெடுப்பவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. நல்ல வெளிச்சத்தில் எல்லாக் கேமராவும் வேகமாகத்தான் தெரியும், அதனால் மங்கலான மூலையில் சோதித்துப் பாருங்கள்.

அப்புறம் பட்டன்கள். கேமராவின் ஒளிமானி, எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுவர் சாம்பலாக விழுவது அதனால்தான். புதிய கேமராக்கள் காட்சியை அடையாளம் கண்டு ஓரளவு திருத்திக்கொண்டாலும், மீதியை எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பில்) +1 வைத்து நாம்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். இதற்குத் தனியாகத் திருகும் சக்கரம் இருந்தால் கண்ணை எடுக்காமலே மாற்றிவிடலாம். மூன்று மெனுக்களுக்குள் புதைத்திருந்தால் அதற்குள் காட்சி போய்விடும்.